டூனா சாலட்டுக்கு ஒன்பது மார்க்

என் அத்தான் பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கிறவர். இருபத்திரண்டு வருடமாக அதுதான் உத்தியோகம். அக்காவுக்குக் கல்யாணம் பேசியபோது என் அப்பா, "மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறாரு?" என்று கேட்டாராம். "பிஸ்கட்டைக் கடிச்சுப் பாத்து மார்க் போடுறாரு" என்று பதில் வந்ததாம். "அது சரி, வேலை என்ன பாக்குறாரு?" என்று அப்பா மறுபடியும் கேட்டாராம்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ரெண்டு மாதத்துக்கு முன் சர்க்கரை நோய் வந்துவிட்டது. வந்தது கூடப் பரவாயில்லை. கம்பெனி நர்ஸம்மாவுக்கு அது தெரிந்துவிட்டது.

நர்ஸம்மா கண்டிப்புக்குப் பேர் போனவர். அத்தானுக்குப் பத்து வேலை நாள் கெடு வைத்தார். தினமும் மதியம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்ப்பார். நூற்றெண்பதைத் தாண்டினால் அட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று புள்ளி வரை மன்னிப்பு. நான்காவது விழுந்தால் அத்தான் ருசி அறையைக் காலி செய்துவிட்டு அட்டைப்பெட்டிக் கிடங்குக்குப் போக வேண்டும். அந்தக் கிடங்கில் பெட்டி ஒட்டுகிற பசையைத் தவிர ருசி பார்க்க எதுவுமே கிடையாது.

"பிஸ்கட் தின்னுதானே சர்க்கரை ஏறுது?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். ருசி அறையில் யாரும் எதையும் விழுங்குவதில்லையாம். மெல்லுவார்கள், ருசி பிடிபட்டதும் மூடி போட்ட கிண்ணத்தில் துப்புவார்கள், வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். ஒரு நாளைக்கு நாற்பது பிஸ்கட் வாய்க்குள் போய் வெளியே வரும். தட்டில் பிஸ்கட்டின் பெயர் இருக்காது, மூன்று இலக்க எண்தான் இருக்கும். செய்தவர் யாரென்று கேட்கக்கூடாது. நன்றாக இருக்கிறதா இல்லையா என்று வாய் திறந்து சொல்லவும் கூடாது. எல்லாம் தாளில்தான். தாளின் முன்பக்கம் ஒன்று முதல் ஒன்பது வரை கட்டம், பிடித்த அளவுக்கு டிக் அடிக்க. பின்பக்கம் விவரம் எழுத இடம். இந்தச் சட்டதிட்டமெல்லாம் அத்தானுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. கம்பெனியிலிருந்து வெற்றுத்தாள் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துக்கொண்டு, அக்கா சமைப்பதற்கும் மார்க் போடுகிற ஆசாமி அவர்.

அக்கா மட்டும் லேசுப்பட்டவளா? பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். அவர் வழியிலேயே போய் அவரை மடக்கினாள். சமையலறையில் இருந்த பதினெட்டு ஜாடிகளையும் உள்ளே தெரியாத வெள்ளைப் பீங்கான் ஜாடிகளாக மாற்றி, ஒவ்வொன்றின் மேலும் மூன்று இலக்க எண் ஒட்டிவிட்டாள். எண் ஒட்டிய எதையும் அத்தான் தானாகத் திறந்து பார்க்க மாட்டார். அது அவர் தொழில் தர்மம். அக்கா அந்தத் தர்மத்தையே பூட்டாக மாட்டிவிட்டாள். மகள் விடுமுறைக்கு வந்தால் கேக் செய்வதற்காகப் பொடித்து வைத்த சர்க்கரையைத் தூக்கிப்போட மனசு வராமல், அதையும் அந்தப் பதினெட்டில் ஒன்றாக வைத்திருந்தாள். எது எந்த எண் என்பது ஒரு சீட்டில் இருக்கும். சனிக்கிழமை தோறும் எண்களை மாற்றி ஒட்டிப் புதுச் சீட்டு எழுதுவாள்.

இதற்கு நடுவில் நான் எங்கே வருகிறேன்? நான் அக்காவின் தம்பி. அவர்கள் வீட்டு முன்னறையில் வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கையேட்டைப் படித்து ரிப்பேர் செய்கிறவன் மெக்கானிக் இல்லை, மாணவன் என்பது என் கொள்கை. கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் இந்தக் கொள்கைதான் காரணம் என்பாள் அக்கா.

கெடு தொடங்கி முதல் வாரம் அக்காவின் சாப்பாடு. ஐந்து நாளும் ஒரு புள்ளி கூட விழவில்லை. சனிக்கிழமை மகளின் கல்லூரி விடுதியிலிருந்து போன் வந்தது. மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாளாம். அக்கா அரை மணி நேரத்தில் பெட்டி கட்டினாள். ஒரு கையால் பெட்டியை மூடிக்கொண்டே மறு கையால் ஒரு தாளை என்னிடம் நீட்டினாள்.

"அத்தானுக்கு மதியத்துக்கு டூனா சாலட்தான். அஞ்சு நாளும் அதேதான். எல்லாம் இதுல எழுதியிருக்கேன்."

"தெரியும்கா."

"என்ன தெரியும்? டூனா தண்ணியில அடைச்சதா இருக்கணும், நல்லாப் பிழியணும். கடையில விக்கிற மயோனைஸ் வேணாம், நம்ம பாட்டில்ல சர்க்கரை சேத்திருக்கான். கெட்டித் தயிர் போடு."

"சரிக்கா."

"ஜாடி நம்பரெல்லாம் இன்னைக்குக் காலையிலதான் மாத்துனேன். புதுச் சீட்டு எடை மிஷினுக்கு அடியில இருக்கு. அங்கதான் அவரு கிட்டயே போக மாட்டாரு."

"தெரியும் தெரியும். நீ கெளம்பு, பஸ் போயிரும்."

அக்கா சொன்னதில் எனக்குக் காதில் விழுந்தது முழுவதும். மனசில் நின்றது பாதி. சட்டைப் பையில்தான் சீட்டு இருக்கிறதே என்று அலட்சியம். போன வாரம் அக்கா வெங்காயம் நறுக்கும்போது ஏதோ ஒரு ஜாடியை எடுத்துத் தரச் சொல்லிக் கொடுத்த சீட்டு அது.

திங்கட்கிழமை காலை களத்தில் இறங்கினேன். இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு மீன் வாசனை ஆகாது. ஆகாது என்றால், மீன் கடைத் தெருவைத் தவிர்க்க மூன்று தெரு சுற்றிப் போகிறவன் நான். துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மூக்கில் மாட்டிக்கொண்டு டின்னைத் திறந்தேன். ஒரு வெள்ளரிக்காய், ஒரு வெங்காயம், ஒரு வேகவைத்த முட்டை, மூன்று ஸ்பூன் தயிர், ஒரு மூடி எலுமிச்சை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறினேன். வாஷிங் மெஷினில் துணியும் சோப்பும் போட்டுச் சுற்றவிடுகிறோமே, அதைவிடவா இது பெரிய வித்தை? அக்காவின் தாளைப் பாதிக்கு மேல் படிக்கவில்லை. டப்பாவில் அடைத்து அத்தான் கையில் கொடுத்தேன்.

சாயங்காலம் காலி டப்பாவோடு தாள் வந்தது. மூன்றாவது கட்டத்தில் டிக். ஒன்பதுக்கு மூன்று!

நர்ஸம்மாவின் மிஷினில் நூற்று நாற்பத்தெட்டுதான் காட்டியதாம். புள்ளி இல்லை. அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மூன்று மார்க் என் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில்தான் கடைசியாக அப்படி வாங்கினேன்.

"என்ன அத்தான் குறை?" என்றேன்.

அவர் உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டார். "ருசி பாக்குறவன் செஞ்சவன்கிட்ட வாயால பேசக் கூடாது மாப்ள. தாள்ல இருக்கு."

"மூணுன்னு இருக்கு, பாத்தேன். அதான் கேக்குறேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, தர்மத்தை நினைத்து மூடிக்கொண்டு, கை கழுவப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி அக்காவின் தாளில் இன்னும் ரெண்டு வரி படித்தேன். நீர் விடாமல் கெட்டியாக இருக்க ரெண்டு பெரிய ஸ்பூன் பாதாம் தூள் போட வேண்டுமாம். இதுதான் விஷயமா! பையிலிருந்த சீட்டைப் பார்த்தேன். பாதாம் தூள், ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. மறுநாள் காலை அந்த ஜாடியைத் திறந்தேன், உள்ளே வெளுப்பாகத் தூள் இருந்தது. தோல் நீக்கிய பாதாம் போலிருக்கிறது, அக்கா எதையும் சுத்தமாகச் செய்வாள் என்று மெச்சிக்கொண்டே ரெண்டு ஸ்பூன் போட்டேன்.

செவ்வாய் சாயங்காலம் வந்த தாளில் எட்டு!

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து, வித்தியாசம் தெரியட்டும் என்று நேற்றைய மூன்றுக்குப் பக்கத்தில் இந்த எட்டை ஒட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் மிக்ஸி கேட்டு வந்தார், அவரை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு எதற்காகக் காட்டுகிறேன் என்று புரியவில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. இருபத்திரண்டு வருட நாக்கு எட்டு போட்டிருக்கிறது!

"சிவப்புப் புள்ளி விழுந்திருச்சு மாப்ள" என்றார் அத்தான். "எரநூத்திப் பதினாலு."

"பிஸ்கட் ஏதாவது தப்பித் தவறி உள்ள போயிருக்கும் அத்தான். பாத்து மெல்லுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு பிரிட்ஜைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போனார்.

புதன்கிழமை, ரெண்டு ஸ்பூனுக்கு எட்டு என்றால் நாலு ஸ்பூனுக்கு என்ன என்று கணக்குப் போட்டேன். ஒன்பது வந்தது. கூடவே ரெண்டாவது சிவப்புப் புள்ளியும் வந்தது. இருநூற்று நாற்பது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒருவன் மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு விடிகாலையில் எழுந்து சர்க்கரை இல்லாத சாப்பாடு செய்து அனுப்புகிறான். இந்த மனிதர் கம்பெனியில் உட்கார்ந்து பிஸ்கட்டை விழுங்கிக்கொண்டிருக்கிறார். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை டப்பாவை நானே எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். வாசலில் விட மாட்டேன் என்றார்கள். நர்ஸம்மா பெயரைச் சொன்னேன். அவர் வீட்டு வாஷிங் மெஷினைப் போன மாதம் நான்தான் ரிப்பேர் செய்திருந்தேன். அவரே வந்தார்.

"நீங்களா? உங்களைத்தான் தேடிட்டிருக்கேன். மிஷின் லேசா ஆடுதுன்னுதான் கூப்பிட்டேன், நீங்க சரி பண்ணதுலேருந்து அது துவைக்க ஆரம்பிச்சா நடக்குது. நேத்து பாத்ரூம்ல போட்டா ஹால்ல வந்து நிக்குது."

"புது மோட்டார் பவர் மேடம், கொஞ்ச நாள் அப்பிடித்தான் இருக்கும். இப்ப அத்தான் விஷயம் பேசலாம்."

ருசி அறையைச் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்க்கவிட்டார். வரிசையாகத் தடுப்பு வைத்த மேசைகள். பிஸ்கட்டின் நிறம் தெரியக்கூடாது என்று சிவப்பு விளக்கு. சுவரில் ஒரு சின்னக் கதவு திறந்து தட்டு வரும், மூடிக்கொள்ளும். அத்தான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் துண்டைத் தேடி அலைகிற மனிதரா இவர் என்று இருந்தது எனக்கு. பிஸ்கட்டை முதலில் காதருகே கொண்டுபோய் ஒடித்துச் சத்தம் கேட்டார். முகர்ந்தார். ஒரு கடி. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றார். துப்பினார், கொப்பளித்தார், எழுதினார். மறுபடி ஒன்று. மறுபடி துப்பல். அரை மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தேன். ஒரு துணுக்குக் கூட உள்ளே போகவில்லை.

"இந்த மனுஷனைப் போல இன்னொருத்தர் கிடையாது" என்றார் நர்ஸம்மா. "மாவுல உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் சொல்லிருவாரு. இவரைக் கிடங்குக்கு அனுப்ப எனக்கு ஆசையா? ஆனா சட்டம் சட்டம்தான்."

இந்த நாற்காலி போய்விட்டால் அத்தான் எப்படி இருப்பார் என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன். அட்டைப்பெட்டியை ஒடித்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பார்.

சாப்பாட்டு நேரத்தில் அத்தான் என் எதிரில் உட்கார்ந்து டூனா சாலட்டைச் சாப்பிட்டார். ஒவ்வொரு வாயையும் பிஸ்கட்டைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு மென்றார். ஆனால் துப்பவில்லை. டப்பாவை விரலால் வழித்தார். பிறகு தாளை எடுத்து முன்பக்கம் டிக் அடித்தார், திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வெகு நேரம் எழுதினார். மடித்து என் கையில் கொடுக்கும்போது தாளை விரலால் ரெண்டு தட்டு தட்டினார்.

"முழுசாப் பாரு மாப்ள."

பிரித்தேன். ஒன்பது! "பாத்துட்டேன் அத்தான்!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ரெண்டு மணி நேரம் கழித்து நர்ஸம்மா விரலில் குத்தினார். இருநூற்று முப்பத்து மூன்று. மூன்றாவது சிவப்புப் புள்ளி. அட்டையில் இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து யார் குற்றவாளி என்று தேடினேன். வெள்ளரிக்காயைச் சந்தேகப்பட்டேன். வெங்காயத்தைக் கடித்துப் பார்த்தேன், அழுதேன். டூனா டின்னில் எழுதியிருந்த பொடி எழுத்தையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். மீன், தண்ணீர், உப்பு. கோழிக்குச் சர்க்கரை நோய் இருந்தால் முட்டையில் இறங்குமா என்று கால்நடை மருத்துவருக்குப் போன் செய்து கேட்டேன். அவர் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அக்கா வந்து இறங்கினாள். மகளுக்குக் கட்டுப் போட்டாயிற்று, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் எடுக்க பிரிட்ஜ் பக்கம் போனாள். கதவில் நாலு தாள்கள். மூன்று, எட்டு, ஒன்பது, ஒன்பது.

"என்னடா இது, ஒன்பதா? என் கையால சாப்பிட்டு இருபது வருஷத்துல ஆறைத் தாண்டினதில்லையே இந்த மனுஷன்!"

"சிலருக்குக் கைராசி அக்கா. என்ன பண்றது?"

அக்கா செவ்வாய்க்கிழமைத் தாளை எடுத்துத் திருப்பினாள். அவ்வளவுதான். இந்த வீட்டில் ஒரு தாளைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் உள்ள ஒரே ஆள் அவள்.

படித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். சத்தமாகப் படித்தாள்:

"இனிப்பு உள்ளது. பொடித்த சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி. செய்தவர் ஜாடியின் எண்ணைச் சரிபார்க்க வேண்டும்."

அடுத்தது புதன்கிழமை. "மேற்படி. இன்று நான்கு மேசைக்கரண்டி. அவசரம்."

வியாழன். "மேற்படி. செய்தவர் பின்பக்கம் படிப்பதில்லை என்று தெரிகிறது. நாளையும் இப்படியே நடந்தால் இதைப் படிக்காதவன் மெக்கானிக் கடையில் இருப்பான், எழுதியவன் அட்டைப்பெட்டிக் கிடங்கில் இருப்பான். சுவை மட்டும் அபாரம்."

விட்டுப்போன திங்கட்கிழமையையும் அவள் விடவில்லை. "தண்ணீர் வேறு, மீன் வேறாக நிற்கிறது. உப்பே போடவில்லை. செய்தவருக்கு மீனோடு ஏதோ பகை."

நான் பையிலிருந்து சீட்டை எடுத்தேன். அக்கா அதைப் பிடுங்கிப் பார்த்தாள். எடை மிஷினைக் காலால் நகர்த்தி அடியில் இருந்த சீட்டை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள். ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, பொடித்த சர்க்கரை. அவள் என்னைத் திட்டியதை இங்கே எழுதப்போவதில்லை. எல்லாம் உண்மை என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த நேரம் பார்த்து அத்தான் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார். அக்கா நாலு தாளையும் விசிறி மாதிரி விரித்துப் பிடித்தாள்.

"இதைத் தெரிஞ்சு சாப்பிட்டீங்களா, தெரியாம சாப்பிட்டீங்களா?"

நல்ல கேள்வி. தெரிந்து என்றால் மனிதர் திருடன். தெரியாமல் என்றால் நாக்கு செத்துப்போனவன். அத்தான் ஒரு வினாடி கூட யோசிக்கவில்லை.

"தெரியாமலா? என்ன பேசற நீ? மொத வாயிலயே தெரிஞ்சுது. எத்தனை ஸ்பூன்னு எழுதியிருக்கேன் பாரு."

"தெரிஞ்சும் வாயைத் தொறந்து சொல்லத் தெரியலையா?"

"செஞ்சவன்கிட்ட வாயால சொல்றது தப்பு. எழுதிக் குடுத்தேன். படிக்காதது உன் தம்பி."

"சரி. நாள் பூரா நாப்பது பிஸ்கட்டைத் துப்புறீங்கல்ல? இதையும் துப்பியிருக்கலாமே! வேலை போயிரும்னு தெரியும்தானே?"

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் பேச ஆரம்பித்தபோது குரல் மாறியிருந்தது.

"துப்பணும்னுதான் நெனச்சேன். முடியலைடி. இருபத்திரண்டு வருஷமா நல்லா இருக்குற எல்லாத்தையும் துப்பிட்டே இருக்கேன். வீட்டுக்கு வந்தாலாவது முழுங்கலாம்னு இருந்தேன். இந்த ரெண்டு மாசமா அதுவும் இல்ல. எல்லாம் சப்புன்னு வருது, உடம்புக்கு நல்லதுன்னு சொல்றீங்க, முழுங்குறேன். செவ்வாக்கெழம நாக்குல பட்டதும் வேலையும் மறந்துபோச்சு, விரலும் மறந்துபோச்சு. ஒண்ணே ஒண்ணையாவது ஆசையா முழுங்கணும்னு இருந்துச்சு."

அக்காவின் கையிலிருந்த தாள்கள் தாழ்ந்தன. எனக்கு என்னை நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. எட்டு மார்க்கும் ஒன்பது மார்க்கும் என் கைக்கு விழவே இல்லை, சர்க்கரைக்கு விழுந்தன. அதை மூன்று நாள் பிரிட்ஜில் ஒட்டி வைத்து அழகு பார்த்திருக்கிறேன்.

"இன்னைக்கு நான் செய்றேன்" என்றாள் அக்கா.

"இல்ல அக்கா. நானே செய்றேன்."

"நீ கிழிச்சது போதாதா?"

"முழுசாப் படிச்சுட்டுச் செய்றேன்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இந்த வாக்கியத்தை என் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. விலகி நின்றாள்.

அவள் எழுதிக் கொடுத்த தாளை வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைசி வரை படித்தேன். டூனாவை வடிகட்டியில் போட்டுப் பிழி என்றிருந்தது, பிழிந்தேன். வெள்ளரிக்காய் விதையைச் சுரண்டி எடு என்றிருந்தது, எடுத்தேன். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவை, காரம் குறையும். அப்படியே செய்தேன். புதுச் சீட்டின்படி இருநூற்றுப் பதினேழாம் ஜாடியைத் திறந்து, தூளை நாக்கில் வைத்துப் பார்த்து, பாதாம்தான் என்று தெரிந்த பிறகு ரெண்டு ஸ்பூன் போட்டேன். கெட்டித் தயிர், முட்டை, மேசைமேல் இருந்த உப்பு, மிளகுத்தூள். கடைசி வரி அடிக்கோடிட்டிருந்தது. "ருசி பார்."

என் உயிர் போனது. மூக்குக் கிளிப்பைத் தேடினேன்.

"கிளிப்பைக் கழட்டு" என்றாள் அக்கா. "மூக்கை மூடிக்கிட்டா ருசி எப்படிடா தெரியும்?"

கழற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்பூன் வாயில் போட்டேன். மீன் மீனாகவே இருந்தது. குமட்டலை அடக்கிக்கொண்டு, அத்தான் செய்வதைப் போல மெதுவாக மென்றேன். உப்பு போதவில்லை. மிளகும் எடுபடவில்லை. துப்பிவிட்டுக் கொப்பளித்து, உப்பும் மிளகும் சேர்த்து, இன்னொரு ஸ்பூன் எடுத்தேன். கொஞ்சம் தேவலை. எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்டேன். இன்னொரு ஸ்பூன். மொத்தம் ஏழு முறை ருசி பார்த்தேன். ஏழாவது முறை துப்ப மறந்துவிட்டேன்.

டப்பாவை நானே கொண்டுபோனேன். அக்காவும் கூட வந்தாள். ராத்திரி பூரா பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவள், வீட்டில் படு என்றால் கேட்கவில்லை. அத்தான் சாப்பிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அவர் தொழில் அப்படி. தாளை எழுதி, மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். விரலில் குத்தும் வரை அதைத் தர மாட்டாராம்.

அந்த ரெண்டு மணி நேரம் போவேனா என்று அடம்பிடித்தது. நர்ஸம்மா அறையில் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். கையைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம்தான் இருப்பது? நர்ஸம்மாவின் வாஷிங் மெஷின் கையேட்டைப் போனில் தேடி எடுத்துப் படித்தேன். நாலாம் பக்கத்தில் இருந்தது: மெஷின் ஆடினாலோ நகர்ந்தாலோ கால் திருகுகளைச் சமப்படுத்தவும். ரெண்டு நிமிட வேலை. மோட்டாரையே மாற்றியிருந்தேன் நான்.

மூன்று மணிக்கு நர்ஸம்மா அத்தானின் விரலைப் பிடித்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது. மிஷின் ஐந்திலிருந்து கீழே எண்ணியது. நான் திரையைப் பார்க்காமல் அத்தானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நூத்தி எழுபத்தொண்ணு" என்றார் நர்ஸம்மா.

அவர் சிவப்புப் பேனாவை மூடி டிராயரில் போட்டார். அக்கா அழுதாள், அழுதுகொண்டே அத்தானின் தோளில் ஒரு அடி வைத்தாள். அத்தான் எழுந்து கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "சாயங்காலம் பன்னெண்டு பிஸ்கட் பாக்கி இருக்கு" என்று ருசி அறைக்குக் கிளம்பினார். போகிற போக்கில் மடித்த தாளை என் சட்டைப் பையில் செருகினார்.

நான் பிரித்தேன். முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன்.

"இனிப்பு இல்லை. உப்பு சரி. மிளகு சரி. எலுமிச்சைத் தோல் நல்ல யோசனை. செய்தவர் ருசி பார்த்திருக்கிறார். ஆசையாகவே விழுங்கினேன்."

பிறகு முன்பக்கம் திருப்பினேன். ஐந்து.

அதை வீட்டுக்குக் கொண்டுபோய், பழைய எட்டையும் ஒன்பதையும் எடுத்து எறிந்துவிட்டு, பிரிட்ஜ் கதவில் பின்பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டினேன்.